சோம்நாத் ஹோரோட வெண்கல உருவத்துல இருக்கிற கிழிசல் வார்ப்புல வந்த தப்பா?

நீங்க கேட்டத முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன், ஏன்னா ஒரே கேள்விக்குள்ள மூணு கேள்வி பின்னிக்கிட்டு கிடக்கு. டெல்லி நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட்ல வங்காளச் சிற்பி சோம்நாத் ஹோர் செஞ்ச ஒரு சின்ன வெண்கல உருவம் பார்த்திருக்கீங்க, குந்தி உட்கார்ந்திருக்கிற ஆள், முகம்னு சொல்ல ஒன்னும் இல்ல, முதுகுல நீளமா கிழிசல், நெஞ்சுல ஓட்டை, அது வழியா உள்பக்கம் தெரியுது. கும்பகோணம் பக்கத்து ஆள், செப்புத்திருமேனி பார்த்து வளர்ந்தவன், எனக்கு இது உலோகம் சரியா ஓடாம பாதியில நின்னுபோன சிலை மாதிரிதான் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. இது பிழையா வேணும்னே செஞ்சதா, வேணும்னே செஞ்சதுன்னா மனுஷ உடம்ப ஏன் இப்படி செய்யணும், உங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட இதே பாணியில ஒரு உருவம் இருக்கு, அதுல இருக்கிற ஓட்டை எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது, இந்த மூணுதான்னு எடுத்துக்கிறேன். நான் சென்னையில சிற்பம் படிச்சவன், அப்புறம் பல வருஷம் வார்ப்புப் பட்டறையில மெழுகு, மண், உலைன்னு இருந்தவன். அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன், கலை வரலாறு படிச்சவங்க வேற மாதிரி சொல்லலாம்.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில், பிழை இல்ல. ஹோர் விஷயத்துல இத தயங்காம சொல்லலாம், ஏன்னா அந்தக் கிழிசல் எல்லாமே மெழுகுலயே போட்டது, வெண்கலம் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தது. இது புரியணும்னா அவர் எப்படி வேலை செஞ்சார்னு தெரியணும், அதுக்கு நம்ம சுவாமிமலை முறைய பக்கத்துல வச்சுப் பார்த்தா சுலபம். சுவாமிமலையில தேன்மெழுகோட குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருக்கி, அந்த மெழுக திரட்டி உருவம் பிடிக்கிறாங்க, தலை, உடம்பு, கை, கால்னு தனித்தனியா செஞ்சு கத்திய சூடு பண்ணி ஒட்டுறாங்க, தென்னை ஓலைய மடிச்சு அளவு எடுத்து தாளக் கணக்குப்படி, அதாவது சிற்ப சாஸ்திரத்துல சொன்ன உடல் அளவு விகிதப்படி எல்லாம் சரியா வருதான்னு பாக்குறாங்க. அப்புறம் காவேரி வண்டல் மண்ண மேல பூசி, காய வச்சு, கம்பி கட்டி, சூடு காட்டி மெழுக வெளியேத்திட்டு அந்த வெற்றிடத்துல பஞ்சலோகத்த ஊத்துறாங்க. உள்ள கோர்னு சொல்ற மண் நடுக்கட்டி கிடையாது, உருவம் முழுக்க உலோகம், அதனாலதான் மெழுகோட எடை மாதிரி எட்டுல இருந்து பத்து மடங்கு உலோகம் பிடிக்குது, ஒரு முழம் சிலைய தூக்கினாலே இடுப்பு பிடிச்சுக்கும்.

ஹோர் திரட்டின மெழுகுல ஆரம்பிக்கல, மெழுகுத் தகட்டுல ஆரம்பிச்சார். உருக்கின மெழுக ஈரமான பலகை மேலயோ பிளாஸ்டர் மேலயோ மெல்லிசா ஊத்தினா ஆறினதும் தோல் மாதிரி உரிஞ்சு வரும், அத லேசா வெதுவெதுப்பு காட்டினா எப்படி வேணா மடிக்கலாம், சுருட்டலாம், வெட்டலாம், கிழிக்கலாம். அந்தத் தகட்ட வளைச்சா முதுகு, சின்னதா ஒன்ன சுருட்டி வச்சா தலை, மெல்லிசான மெழுகுக் கம்பி வச்சா கை கால். சூடான கத்தியோ கம்பியோ எடுத்து இழுத்தா அதுதான் காயம். இத அப்படியே நேரடியா வார்ப்புக்கு விட்டுட்டார், நடுவுல அச்சு எடுக்கல. அதனால நீங்க பாக்குற வெண்கலத்துல அவர் விரல் அழுத்தின இடம், கத்தி போன திசை, மெழுகு உருகி சொட்டின சொட்டு எல்லாம் உறைஞ்சு நிக்குது. வார்ப்பு மோசமா இருந்திருந்தா இந்த நுணுக்கம் ஒன்னுகூட வந்திருக்காது. மூணு நாலு மில்லிமீட்டர் கனத்துல ஒரு தகடு முழுசா ஓடுறது எவ்வளவு கஷ்டம்னு உலை பக்கம் நின்னவங்களுக்குத்தான் தெரியும், உலோகம் போற வழியிலேயே ஆறிப்போகும், அதுக்காக நாலஞ்சு இடத்துல ரன்னர், அதாவது உலோகம் உள்ள போற வழி வச்சு, காத்து வெளியேற வென்ட் வச்சு, மண்ணையும் நல்லா சூடா வச்சிருந்தாதான் கடைசி முனை வரைக்கும் போகும். கனமா ஒரு சிலை ஊத்துறதுல இருக்கிற கஷ்டம் வேற, இது வேற, ஆனா இது சுலபம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப அந்தக் கிழிசல கிட்ட போய் எப்படிப் பாக்குறதுன்னு சொல்றேன், உங்க மூணாவது கேள்விக்கும் இதுவே பதில். சூடான கத்திய மெழுகுல இழுக்கும்போது உருகின மெழுகு ரெண்டு பக்கமும் ஒதுங்கி வயல் வரப்பு மாதிரி லேசா எழும்பி உறையும், கத்தி ஆரம்பிச்ச இடம் அகலமாவும் வெளிய எடுத்த இடம் குறுகி ஒரு சின்ன இழுப்போடவும் முடியும். வெண்கலத்துல விரல வச்சு ஓட்டினா அந்த மேடு தட்டுப்படும், கேலரியில தொட விடமாட்டாங்க, ஆனா பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் விழுற கோணத்துல நின்னா கண்ணுக்கே தெரியும். கத்தி இல்லாம கையால கிழிச்ச மெழுகுன்னா வேற மாதிரி, மெழுகு வெதுவெதுப்பா இருந்தா ஓரம் இழுபட்டு மெலிஞ்சு போகும், ஆறினதுக்கு அப்புறம் ஒடிச்சா ஓரம் கூர்மையா சட்டுனு நிக்கும். இதெல்லாம் மெழுகுல நடந்தது.

உலோகம் ஓடாததால வர்ற ஓட்டை இப்படி இருக்காது. ஓடி வந்த உலோகம் ஆறி நின்னுபோனா அதோட முனை உருண்டு, வழவழன்னு, தடிச்ச உதடா நிக்கும், கத்தி போன திசைன்னு ஒன்னு இருக்கவே இருக்காது. ரெண்டு பக்கத்துல இருந்து வந்த உலோகம் சந்திக்கும்போது ரெண்டுமே ஆறியிருந்தா ஒன்னோட ஒன்னு கூடாம ஒரு கோடு விழும், கோல்ட் ஷட்னு சொல்லுவோம், பாக்க விரிசல் மாதிரி இருந்தாலும் அதோட ரெண்டு ஓரமும் உருண்டிருக்கும். காத்து மாட்டிக்கிட்டா புள்ளி புள்ளியா உருண்டையான ஓட்டை. தடிச்ச இடம் கடைசியா ஆறும்போது சுருங்கி உள்ள பஞ்சு பஞ்சா சொரசொரன்னு ஒரு பள்ளம் விழும். இதவிட முக்கியமா பாக்க வேண்டியது எந்த இடத்துல ஓட்டை இருக்குங்கிறது. உலோகம் ஓடாம போறது வழக்கமா கடைசியில, மெல்லிசான முனையில, விரல் நுனி, காது, ஆடையோட ஓரம் இப்படி ரன்னருக்கு ரொம்ப தள்ளி இருக்கிற இடத்துலதான். ஹோர் உருவத்துல பாருங்க, குச்சியா இருக்கிற கையும் காலும் முழுசா வந்திருக்கும், உலோகம் தாராளமா ஓடக்கூடிய அகலமான முதுகுலயும் நெஞ்சுலயும்தான் கிழிசல் இருக்கும். வார்ப்பு தப்பினா அதுக்கு நேர் எதிரா நடந்திருக்கணும். பட்டறையில வேலை பார்த்த எவருக்கும் இது ஒன்னே போதும்.

இன்னொரு வகையும் உண்டு, வார்த்து முடிச்ச உலோகத்த அப்புறம் ரம்பம் போட்டு வெட்டி ஓட்டை பண்றது. அதுல ஓரம் நேரா இருக்கும், அரம் போட்டு ராவின கீறல் இணைகோடா தெரியும், பட்டினா, அதாவது உலோகத்து மேல படிஞ்ச நிறப்படலம், அந்த இடத்துல மட்டும் மாறியிருக்கும். அப்புறம் எல்லா உலோக உருவமும் வார்ப்புன்னு நினைச்சுக்காதீங்க. சென்னை பக்கத்துல இருக்கிற சோழமண்டலம் கலைஞர் கிராமத்துல பி.வி.ஜானகிராம்ங்கிற சிற்பி செஞ்சதெல்லாம் செம்புத் தகட்ட அடிச்சு, மேல கம்பிய வச்சு பத்த வச்சது, அங்க திறந்த இடம் விடுறதுக்கான கணக்கே வேற. உங்க நண்பரோட உருவத்துல பத்த வச்ச தையல் தெரியுதான்னு முதல்ல பாருங்க.

இனி ரெண்டாவது கேள்வி, ஏன் இப்படி செய்யணும். இதுல கொஞ்சம் உறுதியா சொல்லலாம், கொஞ்சம் என் அபிப்பிராயம், ரெண்டையும் கலக்காம சொல்லப் பாக்குறேன். உறுதியானது அவர் வாழ்க்கை. 1921ல இன்னைக்கு பங்களாதேஷ்ல இருக்கிற சிட்டகாங் பக்கம் பிறந்தவர், 1942ல ஜப்பான்காரங்க அந்தப் பக்கம் குண்டு போட்டப்ப அடிபட்டவங்கள நேர்ல பார்த்தவர், அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். சித்தப்பிரசாத்னு ஒரு ஓவியர் பட்டினியால செத்துக்கிட்டு இருந்த ஜனங்கள தெருவுல உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தார், அவர்கிட்டதான் இவர் பார்த்து வரையக் கத்துக்கிட்டார், ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட் கட்சி, வரைஞ்சது கட்சிப் பத்திரிகையில வந்துச்சு. 1946ல தேபாகா போராட்டம், விளைச்சல்ல மூணுல ரெண்டு பங்கு உழுதவனுக்குன்னு குத்தகை விவசாயிங்க நின்னது, அதையும் ரங்பூர் பக்கம் போய் கூடவே இருந்து படமாவும் நாட்குறிப்பாவும் பதிவு பண்ணார். ஆக பட்டினியில உடம்பு எப்படி மடங்கும், விலா எலும்பு எப்படி தெரியும், நிக்க முடியாத ஆள் எப்படி குந்துவான்னு பார்த்துப் பார்த்து வரைஞ்ச கை அது.

ஆனா வெண்கலத்துக்கு அவர் வந்தது எழுபதுகள்ல, ஐம்பது வயசு தாண்டினதுக்கு அப்புறம். அதுவரைக்கும் அவர் அச்சுக்கலைக்காரர், உலோகத் தகட்ட கீறி, அமிலத்துல அரிக்க விட்டு அதுல இருந்து பிரின்ட் எடுக்கிற வேலை. 1969ல சாந்திநிகேதன்ல இருக்கிற கலைப்பள்ளியான கலாபவனுக்கு வந்தார், அங்கதான் எழுபதுகளோட ஆரம்பத்துல காயங்கள்ங்கிற வரிசைய செஞ்சார். களிமண் தகட்டுல கத்தியால கீறி, குத்தி, கிழிச்சு, அதுமேல சிமென்ட் அச்சு எடுத்து, அந்த அச்சுல காகிதக் கூழ அமுக்கிக் காய வச்சு எடுத்தா வெள்ளைக் காகிதத்துல வெள்ளையாவே ஒரு தழும்பு, மை கிடையாது, உருவம் கிடையாது. அதுல மனுஷனே இல்ல, காயம் மட்டும்தான் இருக்கு. அதுக்கு அடுத்துதான் மெழுகு, வெண்கலம். இந்த வரிசை எனக்கு ரொம்ப முக்கியம்னு படுது. சாதாரணமா ஒரு சிற்பி உடம்ப செஞ்சுட்டு அதுமேல காயத்த போடுவார், இவரோ காயத்த சில வருஷம் தனியா செஞ்சு பார்த்துட்டு அப்புறம்தான் அதுக்கு ஒரு உடம்பு கொடுத்தார். தகட்டக் கீறுற அதே கை, அதே அசைவு, பொருள் மட்டும் மாறிச்சு. அதனாலதான் அந்த உருவத்துல முகமோ தசையோ தேடினா கிடைக்காது, அவர் ஆரம்பிச்ச இடம் அது இல்ல.

இங்க வரைக்கும் ஆதாரம் உள்ளது. இனி சொல்றது நான் பார்த்து யோசிச்சது, ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. நீங்க செப்புத்திருமேனிய அளவுகோலா வச்சீங்க இல்லையா, அதுவும் நிஜ உடம்பு கிடையாது. சோழர் கால நடராஜர்ல எலும்பு முட்டு தெரியாது, நரம்பு தெரியாது, எந்த மனுஷனுக்கும் தோள் அப்படி இறங்காது, அதுவும் ஒரு வகையில உடம்ப சுருக்கி எடுத்து செஞ்ச உருவம்தான். உள்ளுக்குள்ள மூச்சு நிறைஞ்சு தோல் இறுக்கமா நிக்குற உணர்வு வரணும்னு அத்தன விவரத்தையும் அந்த ஸ்தபதி விட்டுக்கொடுத்தார், அவர் வார்க்கிறதும் உள்ள முழுக்க உலோகம். ஹோர் அதே மெழுக உருக்கி வார்க்கிற முறையில அதுக்கு எதிர்க்கோடிய செய்யறார், உள்ள ஒன்னுமே இல்லாத உடம்பு. தகடு மட்டும், தோல் மட்டும், கிழிசல் வழியா பார்த்தா வெறும் இடம். பட்டினி கிடந்த உடம்ப காட்ட வத்தின தசைய ஒவ்வொன்னா செதுக்குறதவிட உள்ள எதுவும் இல்லன்னு காட்டுறது நேரடியானதுன்னு எனக்குத் தோணுது. அரைகுறைன்னு உங்களுக்குத் தோணினதுல ஒரு நியாயம் இருக்கு, அந்த உடம்புல இருக்க வேண்டியது நிஜமாவே இல்ல, அத அவர் மறைக்கல.

இத மெரினாவுல இருக்கிற உழைப்பாளர் சிலையோட வச்சுப் பாருங்க. அத செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளத்துக்காரர்தான், சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வரா வந்தவர், அந்த வெண்கலத்த 1959ல திறந்தாங்க. நாலு பேர் பாறைய நெம்புறாங்க, ஒவ்வொரு தசையும் முறுக்கேறி நிக்குது, எலும்பு, நரம்பு, துணி மடிப்பு எல்லாம் இருக்கு. அங்க உழைக்கிறவன் பலசாலி, கடற்கரையில ஆயிரம் பேர் நடந்து போற இடத்துல மேடை மேல நிக்க வேண்டிய உருவம், அதுக்கு அந்த மொழி சரி. ஹோரோட ஆள் அதே உழைக்கிற வர்க்கம்தான், ஆனா ஒரு கையில எடுத்துப் பாக்குற அளவு, மேடை கிடையாது, குனிஞ்சு கிட்ட போனாதான் தெரியும். எனக்கு ரெண்டுமே பிடிக்கும், ஆனா பட்டறையில மறுபடி மறுபடி மனசுல வர்றது ஹோரோடதுதான்.

மெழுக எந்த வடிவத்துல கையில எடுக்கிறோமோ அதுவே உடம்ப தீர்மானிக்குதுங்கிறதுக்கு சிற்பி மீரா முகர்ஜி இன்னொரு உதாரணம். ஜெர்மனியில மியூனிக் போய் படிச்சுட்டு வந்து, பஸ்தர்ல கட்வா கைவினைஞர்கள்கிட்ட உட்கார்ந்து வார்ப்பு கத்துக்கிட்டவங்க அவங்க. மண் கோர் மேல மெழுக நூலா இழுத்து இழுத்து சுத்துற முறை அது, அதனால அவங்க உருவம் எல்லாம் உருண்டு திரண்டு, மேல முழுக்க வரிவரியா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். டெல்லியில ஐடிசி மௌர்யா ஹோட்டல்ல இருக்கிற அசோகர் சிலை பிரம்மாண்டமானது, அதுலயும் அந்த வரிகளப் பாக்கலாம். சுவாமிமலையில திரட்டின மெழுகு, பஸ்தர்ல நூல் மெழுகு, ஹோர்கிட்ட தகட்டு மெழுகு, மூணுமே மெழுகு இழந்து உலோகம் பிடிக்கிற அதே வேலைதான், மூணுலயும் பிறக்கிற மனுஷன் வேற வேற.

கமெண்ட்ல ஒருத்தர் இது ஒல்லியான மனுஷ உருவங்களுக்குப் பேர்போன சுவிஸ் சிற்பி ஜாக்கோமெட்டிய பார்த்து செஞ்சதுன்னு எழுதியிருந்தார், அதுக்கும் ஒரு வார்த்தை. மெலிஞ்ச மனுஷன்னு பார்த்தா ஒரே மாதிரி தோணும், ஆனா செய்முறை அதுக்கு இடம் கொடுக்கல. ஜாக்கோமெட்டி கம்பியால ஆன உள்கூடு (ஆர்மேச்சர்) மேல களிமண்ணோ பிளாஸ்டரோ வச்சு, எடுத்து, மறுபடி வச்சு, கரடுமுரடா நீட்டின உருவத்துக்கு அச்சு எடுத்து பல பிரதி வார்த்தார். அங்க நடுவுல ஒரு தண்டு இருக்கு, சதை அத சுத்தி அரிச்சுப் போயிருக்கு. இவர் உருவத்துக்கு நடுத்தண்டே கிடையாது, தகடுதான் வளைஞ்சு தன்னத் தானே தாங்குது. ஹோர் அவர் படங்களப் பார்த்திருக்கலாம், அத மறுக்கல. கையில வந்தது வேற வழியில வந்தது.

அதே சமயம் ஹோரோட ஒவ்வொரு உருவத்தையும் 1943 பஞ்சத்தோட நேரா முடிச்சுப் போடுறதையும் நான் ஏத்துக்கல, ரொம்பப் பேர் அப்படி எழுதுறாங்க. பஞ்சத்துக்கும் முதல் வெண்கலத்துக்கும் நடுவுல முப்பது வருஷம் இருக்கு, அதுல பிரிவினை, வியட்நாம், 1971 பங்களாதேஷ் யுத்தம், கல்கத்தா தெருவுல நடந்த நக்சல் காலத்துக் கொலைகள் எல்லாம் வந்து போச்சு. அவர் செஞ்சதுலயே பெரிய வெண்கலம் வியட்நாம் ஜனங்களுக்காக செஞ்ச தாயும் சேயும், செஞ்சு முடிச்ச கொஞ்ச நாள்லயே கலாபவன்ல இருந்து அத யாரோ திருடிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. வெண்கலத்துக்கு எடைக்கு விலை உண்டு, உருக்கியிருப்பாங்களோங்கிற பயம் எனக்கு எப்பவும் உண்டு. நேரடி மெழுகுல செஞ்சது, அச்சு கிடையாது, மெழுகு போயிடுச்சு, வெண்கலமும் போயிடுச்சுன்னா திரும்ப வார்க்க வழியே இல்ல. ஒரு சிற்பி இத எப்படித் தாங்கினார்னு நினைச்சா நெஞ்சு அடைக்குது. அதுக்கு அப்புறமும் 2006ல சாகுற வரைக்கும் சாந்திநிகேதன்ல அவர் வேலைய விடல, ஆடு, நாய், குழந்தைய அணைச்ச தாய்னு செஞ்சுக்கிட்டே இருந்தார். அந்த ஆட்டு உருவங்கள்ல பஞ்சத்தத் தேட வேண்டியதில்ல.

உங்க நண்பர்கிட்ட இருக்கிற உருவத்துக்கு வரேன். நீங்க போட்ட போட்டோ நேர் வெளிச்சத்துல எடுத்தது, அத வச்சு கிழிசல் மெழுகுல வந்ததா உலோகத்துல வந்ததான்னு என்னால சொல்ல முடியாது, யார் செஞ்சதுன்னு சொல்றது அதவிட தப்பு. அது ஹோர் எடிஷன், அதாவது ஒரே உருவத்துல வார்த்த பல பிரதிகள்ல ஒன்னுன்னு சொல்லி யாரோ கொடுத்ததா எழுதியிருக்கீங்க, அந்த இடத்துல மட்டும் உஷாரா இருங்க, நேரடி மெழுகுல வார்த்ததுக்கு எடிஷன் வர்றது எப்படின்னு முதல்ல கேக்கணும். ஒரு வெண்கலத்து மேல ரப்பர் அச்சு எடுத்து மறுபடி வார்த்தா வெண்கலம் ஆறும்போது ஒன்னரை, ரெண்டு சதவீதம் சுருங்கும், மெழுகும் கொஞ்சம் சுருங்கும், அதனால நகல் எப்பவும் மூலத்தவிட சின்னதா இருக்கும். கேட்டலாக்ல அளவு போட்ட உருவமா இருந்தா ஸ்கேல வச்சு அளந்து பாருங்க. 30 சென்டிமீட்டர்ல அரை சென்டிமீட்டருக்கு மேல குறைஞ்சா சந்தேகப்படலாம், அதோட கத்தி ஓரத்துல இருக்க வேண்டிய அந்த மேடு மழுங்கியிருந்தா சந்தேகம் இன்னும் கூடும். ராத்திரி விளக்க அணைச்சுட்டு ஒரு டார்ச்ச பக்கவாட்டுல படுக்க வச்சு, கிழிசலோட ரெண்டு ஓரமும், உள்பக்கமும், அடிப்பக்கமும் தனித்தனியா எடுத்துப் போடுங்க, எடையும் உயரமும் கூட எழுதுங்க. அத பார்த்துட்டு எந்த முறையில வார்த்ததுன்னு வரைக்கும் சொல்றேன், யார் செஞ்சது, என்ன விலைங்கிறதுக்கு மூல வேலைகள கையில எடுத்துப் பார்த்த ஆளத்தான் கேக்கணும்.